கம்பியின்றிக் கணினிகளை இணைத்தல்: நம் சங்கங்களுக்கு இயலுமா? செலவு என்ன?

நெய்து முடித்த பட்டுப் புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்திற்கு வருகிறார் ஒரு நெசவாளர். புடவையை நிறுத்துப் பார்த்தாயிற்று. நீள அகலம் அளந்தாயிற்று. கோர்வையும் முந்தானையும் சரியாக இருக்கின்றன. கூலியை வரவு வைத்து, அடுத்த புடவைக்கு வேண்டிய பாவும் ஊடையும் சரிகையும் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி. அந்த வேளையில் கணினியின் முன் அமர்ந்திருக்கும் எழுத்தர் தலையை நிமிர்த்தி, "லைன் இல்லை அண்ணே, நாளைக்கு வாங்க" என்கிறார். நெசவாளர் வெறுங்கையோடு வீடு திரும்புகிறார். மறுநாள் தறி சும்மா கிடக்கிறது. தறி சும்மா கிடந்தால் அடுப்பும் ஓரளவு சும்மா கிடக்கத்தான் செய்யும்.

நெல்லை மூட்டை கட்டிக் கொள்முதல் நிலையத்தில் அடுக்கி வைத்துவிட்டு, பதிவு முடியவில்லை என்பதால் இரவெல்லாம் காவல் காக்கும் விவசாயியின் நிலையும் இதுதான். முன்னாளில் பேரேடும் எழுதுகோலும் இருந்தால் சங்கம் நடந்தது. இன்று கணினியும் தொடர்பும் இல்லையேல் சங்கத்தின் கை கட்டப்பட்டு விடுகிறது. இந்தத் தொடர்பைக் கம்பியில்லாமலே அமைத்துக்கொள்ளலாமா? அதற்கு என்ன செலவாகும்? செலவுக்கேற்ற பயன் உண்டா? உறுப்பினர்கள் பலர் கேட்டு வரும் இக்கேள்விகளைச் சிறிது விரிவாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதியதைக் கண்டு அஞ்சுவது நம் பகுதிக்கு வழக்கமன்று. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவாயிற்று என்றால், அது பதிவான இடம் நம் காஞ்சிபுரமே. அன்று கூட்டுறவு என்னும் சொல்லே பலருக்குப் புதிது. ஆயினும் கணக்குப் பார்த்து, நன்மை தீமை ஆராய்ந்து, பிறகே இறங்கினார்கள் நம் முன்னோர். அந்த முறையையே இவ்விஷயத்திலும் கைக்கொள்வோமாக.

கம்பியில்லாத் தொடர்பு என்பது யாது?

வானொலி நிலையம் பாட்டை வானலையில் ஏற்றி அனுப்புகிறது. நம் வீட்டுப் பெட்டி அதை வாங்கி ஒலிக்கிறது. கணினிகளைக் கம்பியின்றி இணைப்பதும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். வானொலியில் பேச்சு ஒருவழியே செல்லும். இங்கே இரு பக்கமும் பேசவும் கேட்கவும் செய்கின்றன. அனுப்பப்படுவது பாட்டு அன்று. எண்களாக மாற்றப்பட்ட கணக்கு, கடிதம், படம் ஆகியவை.

இம்முறையை முதலில் நடத்திக் காட்டியது ஹவாய்ப் பல்கலைக்கழகம். கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளில் இருந்தவர்கள் தலைமை வளாகத்திலுள்ள கணினியைப் பயன்படுத்த வேண்டும். கடலடியில் கம்பி போடுவதோ பெருஞ்செலவு. ஆகவே நார்மன் ஆப்ரம்சன் என்னும் பேராசிரியரும் அவருடைய தோழர்களும் 1971ஆம் ஆண்டில் ரேடியோ அலைகளைக் கொண்டே 'அலோஹாநெட்' என்னும் வலையமைப்பை இயக்கினார்கள். கம்பி போட இயலாத இடத்திற்கே கம்பியில்லாத் தொடர்பு பிறந்தது என்பதை உறுப்பினர்கள் நினைவிற் கொள்க. செலவுக் கணக்கைப் பார்க்கும்போது இவ்வுண்மை மீண்டும் நமக்குத் தேவைப்படும்.

1997ஆம் ஆண்டில் இதற்கென உலகப் பொதுவான தர விதி ஒன்று வகுக்கப்பட்டது. அன்று அதன் வேகம் விநாடிக்கு 2 மெகாபிட். 1999ஆம் ஆண்டில் அது 11 மெகாபிட் ஆயிற்று. இன்று 'வைஃபை' என்று சிறுவரும் சொல்லும் முறை இதுவே. ஒரே தர விதியைப் பின்பற்றி உலகெங்கும் கோடிக்கணக்கில் கருவிகள் செய்யப்பட்டமையால் விலை மளமளவென்று இறங்கிற்று. ஒரு காலத்தில் பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த கருவி, இன்று ஒரு சாதாரணச் சுங்குடிப் புடவையின் விலைக்கும் சற்று மேலே கிடைக்கிறது.

நம் நாட்டில் ரேடியோக் கருவியை இயக்க அரசின் உரிமம் வேண்டும் என்பது நெடுநாளைய விதி. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, குறித்த ஆற்றல் வரம்புக்குள், உரிமமின்றியே எவரும் பயன்படுத்தலாம் என அறிவித்தது. 2018ஆம் ஆண்டில் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விரிவான சலுகை கிடைத்தது. ஆகவே சங்கம் ஒன்று தன் அலுவலகத்தையும் கிடங்கையும் கம்பியின்றி இணைத்துக்கொள்ள அலைவரிசை உரிமத்திற்காக டெல்லிக்கு எழுதிக் காத்திருக்க வேண்டிய நிலை இன்று இல்லை.

பிறர் பட்ட அனுபவங்கள்

நாம் முதலில் இறங்குபவர்கள் அல்லர் என்பது நல்ல செய்தியே. முன் சென்றவர்களின் வெற்றியும் தோல்வியும் நமக்குப் பாடமாக உள்ளன.

புதுச்சேரிக்கருகே வில்லியனூரை மையமாகக் கொண்டு 1998ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கிற்று. அப்போது கிராமங்களில் தொலைபேசிக் கம்பி அரிது. ஆகவே போலீசார் வைத்திருப்பது போன்ற இருவழி ரேடியோக் கருவிகளைக் கொண்டு கிராமக் கணினிகளை மையத்தோடு இணைத்தார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றமையால் சூரிய ஒளித் தகடுகளையும் பொருத்தினார்கள். வீராம்பட்டினம் மீனவர்க்கு, கடலின் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு இவ்வழியே வந்து, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. நிலையம் அமையும் இடம் சாதி வேற்றுமையின்றி எல்லோரும் நுழையக்கூடிய பொது இடமாயிருத்தல் வேண்டும் என்பதும் அத்திட்டத்தின் நிபந்தனை. கருவியைவிட இந்த நிபந்தனையே பெரிது என்று சொல்லத் தோன்றுகிறது.

அடுத்தது மதுரை மாவட்டம் மேலூர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர் 'கார்டெக்ட்' என்னும் கம்பியில்லா முறையை உருவாக்கினார்கள். ஒரு கோபுரத்திலிருந்து ஏறக்குறைய 10 கி.மீ. சுற்றளவுக்குத் தொலைபேசியும் இணையமும் எட்டும்; வேகம் 35 முதல் 70 கிலோபிட். கணினி, அச்சுப்பொறி, மின்கலம் எல்லாம் சேர்ந்து ஒரு கிராம நிலையத்திற்குச் சுமார் 50,000 ரூபாய் முதலீடு எனக் கணக்கிடப்பட்டது. 2001ஆம் ஆண்டின் இறுதியில் மேலூர் வட்டாரத்தில் இத்தகைய நிலையங்கள் திறக்கப்பட்டன. ஆனால் சில ஆண்டுகளில் பல மூடப்பட்டன. 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, வருமானம் செலவுக்குக் கட்டவில்லை என்பதையும், தொடர்ந்த தொழில்நுட்ப உதவி கிடைக்கவில்லை என்பதையும் காரணங்களாகக் காட்டிற்று. பயிற்சி பெற்றவர் இருந்த நிலையங்கள் அதிக நாள் நீடித்தன என்றும் அது கூறிற்று.

மூன்றாவது, தேனி அரவிந்த் கண் மருத்துவமனை. சுற்றுக் கிராமங்களில் சிறு கண் பரிசோதனை நிலையங்களை அமைத்து, அங்கு வரும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் படத்திரையில் கண்டு பேசும் ஏற்பாட்டை, கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தாரின் துணையோடு, 2000க்குப் பிந்தைய பத்தாண்டின் நடுவில் அவர்கள் செய்தார்கள். வீட்டு அறைக்குள் வேலை செய்யும் அதே வைஃபை முறையை, ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாக்களின் உதவியால் பல கி.மீ. தொலைவுக்கு நீட்டினார்கள். நோயாளிக்குப் பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாயின. அங்கு அவர்கள் கண்ட பெருந்தொல்லை அலைகளால் வந்ததன்று, மின்சாரத்தால் வந்தது! மின்னழுத்தம் திடீரென ஏறியும் இறங்கியும் கருவிகளைப் பாழாக்கிற்று. இவ்வனுபவத்தை அவர்கள் 2008இல் எழுதி வெளியிட்டபோது, கருவி வாங்குவது எளிது, அதை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதே அரிது என்னும் கருத்தை வலியுறுத்தினார்கள்.

இமயமலையடிவாரத்துத் தர்மசாலாவில் 2005ஆம் ஆண்டு முதல் அமைந்த சமூக வலையமைப்பில் இன்னொரு தொல்லை: குரங்குகள்! ஆன்டெனாக்களில் அவை ஏறி ஊஞ்சலாடின. அதற்கேற்பக் கம்பங்களையும் பிடிகளையும் உறுதிப்படுத்த வேண்டியதாயிற்று. காஞ்சிக் கோயில்களின் மதில்மேல் உலாவும் கூட்டத்தைக் கண்டவர்கள் இச்செய்தியைச் சிரித்துவிட்டு மறந்துவிட மாட்டார்கள்.

இறுதியாக, நம் தொழிலினரின் அனுபவம். மத்தியப் பிரதேசத்துச் சந்தேரி, நம் ஊரைப் போலவே புடவைக்குப் புகழ் பெற்ற கைத்தறி ஊர். அங்கே 2010ஆம் ஆண்டில் 'டிஜிட்டல் எம்பவர்மென்ட் பவுண்டேஷன்' என்னும் தொண்டு நிறுவனம், இன்டர்நெட் சொசைட்டியின் உதவியோடு, உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் கம்பியில்லா வலையமைப்பை ஏற்படுத்திற்று. நெசவாளர் இளைஞர்க்கே ஆன்டெனா கட்டவும் பழுது பார்க்கவும் கற்பித்தார்கள். பழைய புட்டாக்களையும் கரை வேலைப்பாடுகளையும் கணினியில் ஏற்றிப் பாதுகாத்தார்கள். ஊரார் கையிலேயே தொழில் தங்கிற்று என்பதுதான் அங்கு நாம் கற்கவேண்டிய பாடம்.

வாலாஜாபாத்தில் இது நடைமுறைக்கு ஒத்து வருமா?

இனி நம் ஊருக்கு வருவோம். வாலாஜாபாத், செங்கற்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே பாலாற்றை ஒட்டிய சமவெளி. அலைகளுக்குக் குறுக்கே நிற்கும் மலைகள் அருகில் இல்லை. இது ஒரு வசதி. ஆனால் தேனியில் மலைச்சரிவின் மேல் கருவியை வைத்தது போல் இங்கே வைக்க மேடும் இல்லை. இது ஒரு குறை.

இந்த அலைகள் நேர்கோட்டிற் செல்பவை. ஒரு முனையிலிருந்து பார்த்தால் மறுமுனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது மட்டும் போதாது. இரண்டுக்கும் இடையே பருத்த சுருட்டு வடிவில் வெற்றிடம் வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 4 கி.மீ. தொலைவுக்கு, நடுவழியில் அச்சுருட்டின் ஆரம் ஏறக்குறைய 7 மீட்டர். அதில் பத்தில் ஆறு பங்கேனும், அஃதாவது 4 மீட்டருக்கு மேல், தடையின்றி இருத்தல் அவசியம். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்த ஆரம் 11 மீட்டராகிவிடும்.

நம் பகுதியில் தடை என்றால் மரங்களே. தென்னை 15 மீட்டருக்கு மேலும் வளரும். இரண்டு மாடிக் கட்டடத்தின்மேல் 6 மீட்டர்க் குழாய் நட்டாலும் 13 மீட்டர் உயரமே கிட்டும். இடையே ஒரு தோப்பு இருந்தால் தொடர்பு நலிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இலைகள் நனைந்தால் மேலும் நலியும். மழைத்துளிகளால் மட்டும் சில கி.மீ. தொலைவிற்குள் பெரிய இழப்பு இல்லை. நனைந்த இலைதான் பகை. வைகாசியில் சோதித்து 'நன்றாயிருக்கிறது' என்று ஒப்பியதைக் கார்த்திகையில் நொந்துகொள்ள நேரலாம். ஆகவே மழைக்காலத்திலும் சோதித்தல் நன்று.

பாலாறு ஒரு வகையில் நமக்குத் துணையே. அகன்ற ஆற்றுப் படுகையில் கட்டடமும் தோப்பும் குறைவு. இக்கரையிலிருந்து அக்கரைக்கு அலை தங்குதடையின்றிச் செல்லும். 2021ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தின்போது வாலாஜாபாத்திற்கும் அவளூருக்கும் இடையிலுள்ள தரைப்பாலத்தில் போக்குவரத்து தடைப்பட்டதை யாவரும் அறிவர். பாலத்தோடு செல்லும் கம்பி, பாலத்தின் கதியை அடையக்கூடும். வானில் செல்லும் அலைக்கு வெள்ளமில்லை. அக்கரைக் கிராமங்களில் உறுப்பினர்களைக் கொண்ட சங்கங்கள் இதனைக் கருத்திற் கொள்ளத் தகும்.

உயரத்திற்காகப் பலர் ஊர் நீர்த்தேக்கத் தொட்டியை நோக்குவர். அதற்கு உள்ளாட்சி மன்றத்தின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். கோயில் கோபுரத்தையோ அவ்வாறு எண்ணுதலே கூடாது. இடி, மின்னல் இன்னொரு கவலை. உயரத்தில் நிற்கும் இரும்புக் குழாய்க்குச் சரியான நிலத்தொடர்பு இல்லையேல், ஒரே இரவில் கருவியோடு கணினியும் போய்விடும். இதில் சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடிப்பது, வரப்பைக் கட்டாமல் நீரைப் பாய்ச்சுவது போன்றது.

வேகம் எவ்வளவு தேவை?

விற்பனையாளர்கள் பெட்டியின்மேல் 300 மெகாபிட், 867 மெகாபிட் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டுவர். நடைமுறையில் அதிற் பாதி கிடைத்தாலே அதிகம். ஆனால் நமக்கு அவ்வளவு வேகம் வேண்டியதில்லை. வரவு செலவுக் கணக்கு அனுப்ப மிகச் சிறு வேகமே போதும். ஜக்கார்டு வேலைப்பாட்டுக்கான வரைபடக் கோப்பு 5 மெகாபைட் எனக் கொள்வோம். பழைய 35 கிலோபிட் வேகத்தில் அது போய்ச் சேர 19 நிமிடம் ஆகும். 10 மெகாபிட் வேகத்தில் 4 விநாடி போதும். ஆகவே நிலையாக 10 மெகாபிட் கிடைத்தால் ஒரு சாதாரணச் சங்கக் கிளைக்கு அது தாராளம். வேகத்தைவிட நிலைத்தன்மையே நமக்கு முக்கியம்.

செலவுக் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். சங்கத் தலைமையகம் வாலாஜாபாத்தில். நெசவாளர் தெருவிலுள்ள பொதுக்கூடம் அதற்கு 300 மீட்டரில். அக்கரையில் 4 கி.மீ. தொலைவில் ஒரு கிளை. இம்மூன்றையும் இணைக்க, இன்றைய கடை விலைகளை ஒட்டி, உத்தேச மதிப்பீடு கீழே தரப்படுகிறது. விலை கடைக்குக் கடை வேறுபடும். குறைந்தது மூன்று விலைப்புள்ளிகள் பெற்றே முடிவு செய்தல் வேண்டும்.

4 கி.மீ. தொடர்புக்குத் திசைக் கருவி 2, ஒன்று ரூ. 7,000 வீதம்: ரூ. 14,000
300 மீட்டர் தொடர்புக்குச் சிறு கருவி 2, ஒன்று ரூ. 4,000 வீதம்: ரூ. 8,000
உள்ளறை ரூட்டர் 3, ஒன்று ரூ. 2,000 வீதம்: ரூ. 6,000
குழாய்க் கம்பம், பிடி, இழுகம்பி, 3 இடங்களுக்கு: ரூ. 15,000
வெயில் மழை தாங்கும் கேபிள் 150 மீட்டர், மீட்டர் ரூ. 30 வீதம்: ரூ. 4,500
நிலத்தொடர்பும் மின்னழுத்தத் தடுப்பும், 3 இடங்களுக்கு: ரூ. 12,000
கருவிகளுக்கான சிறு மின்கலம் 3: ரூ. 7,500
பொருத்துக்கூலி: ரூ. 10,000
கூடுதல்: ரூ. 77,000
எதிர்பாராச் செலவு நூற்றுக்கு 10: ரூ. 7,700
மொத்தம்: ரூ. 84,700

இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அலையை அனுப்பி வாங்கும் கருவிகள் நான்குக்கும் ஆவது ரூ. 22,000 தான். எஞ்சியது கம்பம், நிலத்தொடர்பு, மின்கலம், கூலி ஆகியவற்றுக்கே. மரங்களைத் தாண்ட உயர்ந்த கோபுரம் தேவைப்பட்டாலோ, அக்கோபுரச் செலவு மட்டுமே கருவிகளின் விலையைப் பல மடங்கு விஞ்சிவிடும். கருவி மலிவு என்று கேட்டு மயங்குவோர் இதனை அறிதல் நலம்.

இனி ஆண்டுச் செலவு. தலைமையகத்தில் மாதம் ரூ. 1,000 கட்டணத்தில் ஓர் இணைய இணைப்பு, நூற்றுக்கு 18 வரியோடு, ஆண்டுக்கு ரூ. 14,160. கருவிகள் எல்லாம் சேர்ந்து 70 வாட் இழுத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 613 யூனிட், யூனிட் ரூ. 10 எனக் கொண்டால் ரூ. 6,130. பழுது பார்த்தலும் மின்கலம் மாற்றுதலும் ரூ. 8,000. கருவிகளைக் கவனிக்கும் இளைஞருக்கு மாதம் ரூ. 1,000 வீதம் ரூ. 12,000. ஐந்தாண்டில் கருவிகள் தேய்ந்துபோம் என்று கொண்டால் தேய்மானம் ரூ. 16,940. ஆக ஆண்டுக்கு ரூ. 57,230. உறுப்பினர் 300 பேர் என்றால் தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ. 191, மாதம் 16 ரூபாய்.

மாதம் 16 ரூபாய் பெரிதன்று என்று தோன்றலாம். ஆனால் சங்கத்தின் பணம் உறுப்பினரின் பங்குப் பணம். குறைந்த செலவில் வேறு வழி உண்டா என்று ஆராயாமல் செலவிடுதல் முறையன்று.

கம்பியா, கம்பியில்லாததா?

மூன்று இடங்களிலும் கண்ணாடியிழை இணைப்புக் கிடைக்குமானால், இடத்துக்கு மாதம் ரூ. 500 வீதம், வரியோடு ஆண்டுக்கு ரூ. 21,240 ஆகும். ரூட்டர், மின்கலம், மின்சாரம், பழுது எல்லாம் சேர்த்தாலும் 30,000 ரூபாயைச் சிறிதே தாண்டும். அஃதாவது, கண்ணாடியிழை வாசலுக்கு வந்துள்ள இடத்தில் சொந்தக் கம்பியில்லா வலையமைப்பு கட்டுதல் வீண்செலவு. கட்டுரையின் தொடக்கத்தில் ஹவாய்த் தீவுகளைக் குறிப்பிட்டது இதற்காகவே. கம்பி போக முடியாத இடத்துக்கே கம்பியில்லாத் தொடர்பு.

கண்ணாடியிழை இல்லாத கிளையிலும் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் அலை நன்றாகக் கிடைத்தால், சிம் அட்டை பொருத்தும் ரூட்டர் ஒன்று சில ஆயிரம் ரூபாயில் வேலையை முடித்துவிடும். மேலூரில் கார்டெக்ட் நிலையங்கள் திறந்த நாளில் இவ்வசதி இல்லை, இன்று உண்டு. ஆயினும் வெள்ளம், புயல் நாட்களில் கோபுரமும் மௌனமாவதுண்டு.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால் மூன்று நிலைகளில் மட்டுமே சொந்தக் கம்பியில்லாத் தொடர்பு தகும் எனலாம். ஒன்று, கட்டடத்துக்குள்ளேயும் ஒரே வளாகத்துக்குள்ளேயும். இங்குச் சில ஆயிரம் ரூபாயில் காரியம் முடிகிறது. இரண்டு, இழையும் எட்டாமல், கோபுர அலையும் சரியாக எட்டாத கிளைக்கு. மூன்று, வெள்ளக் காலத்திலும் வேலை நிற்கக்கூடாத கொள்முதல் நிலையத்துக்கு இரண்டாம் வழியாக. இவற்றுக்குப் புறம்பே ஆசைக்காகச் செய்தல் வேண்டாம்.

விதியும் காவலும்

அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் எனினும், வாங்கும் கருவி அரசின் வகை ஒப்புதல் பெற்றதா எனப் பார்த்தல் வேண்டும்; ஆற்றல் வரம்பை மீறி இயக்குதல் குற்றம். ஓரிடத்துக்கென வாங்கிய இணைய இணைப்பை வேறு இடத்துக்கு நீட்டலாமா என்பது இணைப்புத் தரும் நிறுவனத்தின் நிபந்தனையைப் பொறுத்தது. எழுத்து மூலம் கேட்டறிதல் நன்று. நெசவாளர் தெருவில் பொதுமக்களுக்கும் இணையம் வழங்க எண்ணினால், 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்பிய 'பி.எம்.-வாணி' திட்டத்தில் அதற்கு வழி உண்டு. டீக்கடைக்காரரும் உரிமக் கட்டணமின்றிப் பொது வைஃபை நிலையம் நடத்தலாம் என்பதே அத்திட்டத்தின் சாரம். சங்கமும் அவ்வாறே நடத்தலாம்.

கம்பியில் போவதைத் திருடக் கம்பியைத் தொட வேண்டும். அலையில் போவதைத் தெருவில் நின்றே பிடிக்கலாம். உறுப்பினரின் கடன், அடகு, ஆதார் எண், வங்கிக் கணக்கு ஆகியவை சங்கத்தை நம்பி ஒப்படைக்கப்பட்டவை. ஆகவே கருவியோடு வரும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுதல், புதிய குறியாக்க முறையை மட்டும் பயன்படுத்துதல், வருவோர் போவோருக்குத் தனி வழியும் கணக்குக்குத் தனி வழியும் வைத்தல், ஊழியர் விலகும்போது கடவுச்சொல்லை மாற்றுதல் ஆகிய நான்கையும் தவறாது செய்க. இவற்றுக்குக் காசு செலவில்லை; கவனமே செலவு.

சங்கங்கள் செய்யத்தக்கவை

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்க ரூ. 2,516 கோடித் திட்டத்தை மத்திய அரசு 2022ஆம் ஆண்டு ஜூனில் ஏற்றது. கணினி வரும், மென்பொருள் வரும். ஆனால் தெருக்கோடி வரை தொடர்பை ஓயாது காத்து நிற்பது அந்தந்தச் சங்கத்தின் பொறுப்பாகவே இருக்கும். அதற்கென நிர்வாகக் குழுவினர் முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, மூன்று மாதம் ஒரு குறிப்பேடு வைத்து, தொடர்பு அறுந்த நாள், நேரம், காரணம் ஆகியவற்றைக் குறித்து வருக. பெரும்பாலும் மின்தடையே காரணம் என்று தெரிந்தால், வேண்டியது ஆன்டெனா அன்று. 2,500 ரூபாய் மின்கலம். இரண்டாவது, கருவி வாங்குமுன் இரண்டு முனைகளிலும் ஏறி நின்று கண்ணால் பார்த்து, இரவல் கருவியைக் கொண்டு ஒரு வாரமேனும் சோதிக்கச் செய்க. மூன்றாவது, உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளில் இருவரைத் தேர்ந்து பயிற்சி அளிக்க. ஒருவர் வெளியூர் சென்றாலும் மற்றவர் இருப்பார். நான்காவது, தேய்மானத் தொகையை ஆண்டுதோறும் தனியே ஒதுக்கி வைக்க. ஐந்தாம் ஆண்டில் கைபிசைய வேண்டாம். ஐந்தாவது, அருகருகேயுள்ள நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் ஒரே கம்பத்தையும் ஒரே பணியாளையும் பகிர்ந்துகொள்க. செலவில் பெரும்பகுதி கம்பத்துக்கும் கூலிக்குமே என்பதை மேலே கண்டோம்.

ஆறாவதாக ஒன்று, யாவற்றினும் முக்கியமானது: தொடர்பு அறுந்த நாளிலும் நெசவாளர் வெறுங்கையோடு திரும்பக்கூடாது. கணினி பேசாவிட்டால் காகிதப் பேரேட்டில் எழுதிக்கொண்டு, பாவையும் ஊடையையும் கொடுத்தனுப்பி, தொடர்பு வந்தபின் பதிந்துகொள்ளும் விதியைச் சங்கம் இயற்றிக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு தீர்மானம் போதும். ஒரு ரூபாயும் வேண்டாம்.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதைப் பிணைத்துவிட்டே மேலே நெய்கிறார். தறியையே மாற்ற வேண்டும் என்று கூறுவதில்லை. எங்கே இழை அறுந்தது என்று கண்டறிவதே அவர் கலை. சங்கத்தின் தொடர்பு விஷயத்திலும் அதே கண்ணோடு பார்த்து, அளந்து, கணக்கிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் செலவிடுவோமானால், கம்பியில்லாத் தொடர்பு நமக்கு நல்ல துணையாகும். வரும் பேரவைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இம்மதிப்பீட்டைத் தங்கள் ஊர் நிலைமையோடு ஒப்பிட்டு விவாதிப்பார்களாக.